ஏழடி வண்டியும் பத்தடிச் சாலையும்

நாமக்கல்லில் வசிக்கும் எங்கள் குடும்பத்துக்குக் கொல்லிமலையில், சோளக்காட்டைத் தாண்டி உள்ளே போகும் ஒரு சிற்றூரில், ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி, அதன் நிழலில் காப்பி, இடையிடையே வாழை என்று அப்பா வைத்துவிட்டுப் போன தோட்டம் அது. பதினொரு ஆண்டுகளாக ஓர் ஆல்டோ காரில்தான் மலைக்குப் போய்வந்தேன். விளைந்ததை இறக்க ஒவ்வொரு முறையும் வாடகை வண்டி பிடிப்பேன். வாடகை ஏறிக்கொண்டே போனதால், இரண்டு ஆண்டுகளுக்கு முன் தை மாதத்தில், இரட்டைக் கேபின் உள்ள பெரிய பிக்கப் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினேன். அடுத்த பத்து மாதங்களில் அந்த வண்டியோடு நான்கு முறை ஆபத்தின் விளிம்புவரை போய்த் திரும்பியிருக்கிறேன். நான்கு முறையும் வண்டியில் தனியாக இருந்தேன். வாங்குவதற்கு முன்னால் எஞ்சின், டயர், பதிவுச் சான்றிதழ் என்று எல்லாவற்றையும் பற்றிப் பலரும் ஆலோசனை சொன்னார்கள். அகலத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று நான் ஏங்கியவற்றையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் அவற்றை மிகத் தாமதமாகத்தான் பார்த்தேன். ஆல்டோவின் அகலம் 1490 மில்லிமீட்டர். ஹைலக்ஸ், டி-மேக்ஸ் போன்ற பெரிய பிக்கப்களின் அகலம் 1850 மில்லிமீட்டரைத் தாண்டும், நீளமோ 5.3 மீட்டர் அளவில் இருக்கும். இந்த அகலக் கணக்கில் பக்கக் கண்ணாடிகள் சேராது. என் வண்டியைக் கண்ணாடிக்குக் கண்ணாடி நாடா வைத்து அளந்தபோது ஏறத்தாழ ஏழடி வந்தது. சாலையின் பக்கமோ, ஒற்றை வழித்தடச் சாலை என்று பொறியாளர்கள் சொல்வதே 3.75 மீட்டர்தான், பல கிராமச் சாலைகளின் தளம் 3 மீட்டர், அதாவது பத்தடிக்குச் சற்றுக் குறைவு. பத்தடிச் சாலையில் ஏழடி வண்டி போனால் இரு பக்கமும் சேர்த்து மூன்றடிகூட மிஞ்சாது. எதிரில் பேருந்து வந்தால் நிலைமை இன்னும் மோசம். நம் நாட்டில் வண்டிகளுக்கு அனுமதிக்கப்பட்ட அகலம் 2.6 மீட்டர்வரை என்பதால், அத்தகைய பேருந்தும் என் வண்டியும் உரசாமல் விலக 5.5 மீட்டர் சாலையிலேயே ஒரு மீட்டர்தான் மிஞ்சுகிறது. அதிலும் இரு வண்டிகளின் கண்ணாடிகள் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். இந்தக் கழித்தலை ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்திருந்தால், பின்னால் நடந்தவற்றில் பாதி நடந்திருக்காது.

முதல் அடி மாசி மாதத்தில், சேந்தமங்கலம் பக்கத்தில் இருக்கும் எங்கள் பூர்விக ஊரின் தெருவிலேயே விழுந்தது. சிறுவயதிலிருந்து ஓடித் திரிந்த தெரு. ஆல்டோவில் நூறு முறை போய்வந்த தெரு. வலப்பக்கம் ஒரு வீட்டின் திண்ணை முன்னால் நீட்டிக்கொண்டிருக்க, அதில் இடித்துவிடக் கூடாதே என்று அதையே பார்த்தபடி நகர்ந்தேன். இடப்பக்கத்தில் படார் என்று ஒரு சத்தம். மின்கம்பத்தில் மோதிய கண்ணாடி உறையோடு பிய்ந்து கம்பியில் தொங்கியது. மோட்டாரோடு சேர்த்து முழுக் கண்ணாடிக்கு 9,400 ரூபாய். உதிரி பாகம் வந்து சேர இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் இடப்பக்கக் கண்ணாடி இல்லாமல் வண்டியை எடுக்க மனம் துணியவில்லை.

அன்று அதைக் கவனக்குறைவு என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். நான்கும் நடந்து முடிந்த பிறகுதான் ஒன்று உறைத்தது: நான்கு முறையும் அடிபட்டது இடப்பக்கம். நாம் வலப்பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறோம். வலப்பக்க இடைவெளி கண்ணுக்கு நேராகத் தெரிவதால் அதைக் கண்டுதான் பயப்படுகிறோம். பயந்து, கொஞ்சம் கொஞ்சமாக வண்டியை இடப்பக்கம் தள்ளிக்கொண்டே போகிறோம். இடப்பக்கமோ உயரமான பானெட்டுக்கு அப்பால் மறைந்து கிடக்கிறது. சிறிய காரில் பதினொரு ஆண்டுகள் பழகிய உடம்பு, இடது ஓரம் இன்ன இடத்தில்தான் முடிகிறது என்று நம்பிக்கொண்டிருக்கும். புது வண்டியில் அந்த ஓரம் ஒன்றேகால் அடிக்கு அப்பால் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தைக் காப்பாற்றப் போய், தெரியாத பக்கத்தைப் பலி கொடுத்துவிடுகிறோம்.

இதைச் சரிசெய்ய நான் செய்தது மிகவும் எளிமையானது, ஆனால் நான்கு விபத்துகளுக்குப் பின்னால் செய்தேன் என்பதுதான் வருத்தம். அறுவடை முடிந்த ஒரு களத்தில் சுண்ணாம்பால் நேர்க்கோடு ஒன்று போட்டு, இடது முன்சக்கரம் சரியாக அந்தக் கோட்டின் மேல் நிற்குமாறு தங்கையின் மகனைக் கீழே நிறுத்தி வழிகாட்டச் சொன்னேன். பிறகு இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, முன்கண்ணாடி வழியாகப் பார்த்தால் அந்தக் கோடு பானெட்டில் எந்த இடத்தில் போய் மறைகிறது என்று கவனித்தேன். இடது ஓரத்தில் மறையும் என்று எதிர்பார்த்தேன். ஏறத்தாழ நடுவில் மறைந்தது. அந்த இடத்துக்கு நேராகக் கண்ணாடியின் அடியில் ஒரு சிறிய ஒட்டுத்தாளை ஒட்டிவைத்தேன். சாலையின் இடது விளிம்பு அந்த ஒட்டுத்தாளைத் தொடும்போது சக்கரம் விளிம்பில் இருக்கிறது என்று பொருள். ஆளுக்கு ஆள் உயரமும் இருக்கையின் நிலையும் மாறும் என்பதால் அவரவர்தான் இதைக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். இதற்கு ஒரு மாலைப் பொழுது போதும்.

இரண்டாவது சம்பவத்தை எழுதும்போது இன்றும் கை நடுங்குகிறது. ஆனி மாதம், பள்ளிகள் திறந்திருந்த நேரம். ஒரு சிற்றூரின் கடைவீதியில் எதிரே செங்கல் லாரி வந்தது. வலப்பக்கக் கண்ணாடிகள் இரண்டும் உரசாமல் போக வேண்டுமே என்று என் கண் முழுவதும் அங்கேயே இருந்தது. லாரி கடந்ததும் பெருமூச்சு விட்டுக் கொஞ்சம் வேகம் எடுத்தேன். பின்னாலிருந்து ஒரு பெண் அலறினார். என் இடப்பக்கத்தில், சுவரோரமாக மிதிவண்டியில் ஒரு மாணவி நின்றிருந்திருக்கிறாள். லாரிக்குப் பயந்து கால் ஊன்றி ஒதுங்கியவள். சுமைப்பெட்டியின் பின்முனை அவள் புத்தகப்பையை உரசி இழுத்ததில் மிதிவண்டி சாய்ந்து, பின்சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில் விழுந்திருந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஓடிவந்த அவளுடைய பாட்டி, "ஏப்பா, இவ்வளவு பெரிய வண்டியை வெச்சுக்கிட்டு ஒரு பக்கம்தான் பாப்பியா? புள்ள போயிருந்தா யாரு தருவா?" என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மிதிவண்டியின் வளைந்த சக்கரத்துக்கு 1,200 ரூபாய் கொடுத்தேன். அன்று இரவும் மறுநாள் இரவும் தூங்கவில்லை. மனைவி, "வண்டியைக் குடுத்துருங்க, நமக்கு வேண்டாங்க" என்றாள். கொடுத்திருக்கலாம் என்று நானும் பலமுறை நினைத்ததுண்டு.

அந்த நாளுக்குப் பின் ஒரு பழக்கத்தை விடாப்பிடியாக வைத்துக்கொண்டேன். எதிர் வண்டி நெருங்கினால், அது என்னைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிடுவேன். நிற்கிற வண்டியில் வலப்பக்கத்தைக் காக்கும் பொறுப்பு பெரும்பாலும் வருகிறவருக்குப் போய்விடுகிறது; என் கண் இடப்பக்கத்துக்கு விடுதலை ஆகிறது. எதிர் வண்டி கடந்த பிறகும் உடனே கிளம்புவதில்லை. இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்து, தலையை முன்னும் பின்னும் நகர்த்தி இன்னொரு முறை பார்த்து, பிறகுதான் கிளட்சை விடுவேன். இடப்பக்கக் கண்ணாடியின் கீழ்மூலையில் 250 ரூபாய்க்குச் சிறிய வட்டக் குவியாடி ஒன்றும் ஒட்டினேன். அதில் பின்சக்கரமும் அதை ஒட்டிய தரையும் தெரிகின்றன. இத்தனை செலவுக்கு நடுவில் மிகவும் பயன்பட்டது அந்த 250 ரூபாய்தான்.

மூன்றாவது, ஆடிப் பதினெட்டை ஒட்டி நடந்தது. கொல்லிமலையில் அப்போது வல்வில் ஓரி விழா. அறப்பளீசுவரர் கோவிலுக்கும் ஆகாய கங்கைக்கும் போகிற கூட்டமும் சேர்ந்து, காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் சாலையை அத்தகைய நாளில் தேர்ந்தெடுத்ததே என் முதல் தவறு. மறுநாள் காய் வெட்ட ஆள் சொல்லிவைத்துவிட்டேன் என்ற ஒரே காரணத்துக்காகப் போனேன். ஏறும்போது இடப்பக்கமாகத் திரும்பும் ஒரு வளைவில், மேலிருந்து பேருந்து இறங்கியது. அதற்கு இடம் விட வேண்டுமென்று வளைவின் உட்புறத்தை ஒட்டி ஒடித்துத் திரும்பினேன். முன்சக்கரம் நன்றாகத்தான் போனது. பின்னால் ஒரு குலுக்கல். இடது பின்சக்கரம் மலையோர வடிகாலில் இறங்கி, வண்டியின் அடிப்பகுதி கான்கிரீட் விளிம்பில் உட்கார்ந்துவிட்டது.

நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வருவதில்லை. உட்புறமாக வெட்டிக்கொண்டு வரும். எவ்வளவு வெட்டும் என்பது இரண்டு அச்சுகளுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பொறுத்தது. ஆல்டோவில் அந்தத் தூரம் 2.36 மீட்டர், என் வண்டியில் மூன்று மீட்டருக்குச் சற்று மேல். பிறகு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்: ஆறு மீட்டர் ஆரத்துக்குச் சற்றுக் கூடுதலான ஒரு திருப்பத்தில் ஆல்டோவின் பின்சக்கரம் அரை மீட்டருக்கும் குறைவாகத்தான் உள்ளே வெட்டுகிறது, பிக்கப்பின் பின்சக்கரமோ முக்கால் மீட்டரைத் தாண்டி வெட்டுகிறது. அந்த வித்தியாசம்தான் என்னை வடிகாலில் இறக்கியது. ஆகவே இடது வளைவில் உட்புறத்தை ஒட்டித் திரும்பவே கூடாது; வளைவுக்கு முன்பே நின்று, இறங்குகிற வண்டியைப் போகவிட்டு, பிறகு அகலமாகச் சுற்றி வர வேண்டும். மலைச்சாலையில் இரண்டு வண்டிகள் விலக இடம் இல்லையென்றால் ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை, இறங்குகிறவர்தான் நின்று வழிவிட வேண்டும் என்று சாலை விதி இருக்கிறது. ஆனால் கூட்ட நாளில் அந்த விதியை எதிரே வருபவரும் நினைவில் வைத்திருப்பார் என்று நம்பி வளைவுக்குள் நுழைந்துவிடக் கூடாது. வளைவுக்கு முன்னால் ஒலிப்பானை அடித்து, காது கொடுத்து, மேலே எஞ்சின் சத்தம் கேட்டால் கீழேயே காத்திருப்பதுதான் நல்லது.

பேருந்தின் நடத்துநர் இறங்கி வந்து, விசில் கொடுத்துப் பின்னால் நின்ற வண்டிகளை ஒழுங்குபடுத்தினார். நான் மூன்று மணி நேரத்துக்கு மேல் அங்கே நின்றேன். கடந்துபோன ஒவ்வொரு வண்டியிலிருந்தும் வந்த பார்வை எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. கயிறு கட்டி இழுத்த ஜீப்புக்கு 2,500, பக்கவாட்டில் கிழிந்த டயருக்கு 10,800, மட்கார்டும் பக்கப்படியும் பெயின்ட்டும் சேர்த்து 14,500, காய் வெட்ட வந்து காத்திருந்து திரும்பிய ஆட்களின் கூலி 3,000. காப்பீட்டில் கேட்டபோது இன்னொரு பாடம் காத்திருந்தது. என் வண்டி சரக்கு வண்டியாகப் பதிவானது. சரக்கு வண்டிகளின் பாலிசியில் விளக்கு, டயர், மட்கார்டு, பம்பர், பெயின்ட் ஆகியவற்றுக்குத் தனியாக ஏற்படும் சேதம், ஐஎம்டி 23 என்ற கூடுதல் பிரிவைப் பணம் கட்டிச் சேர்த்திருந்தால் அன்றி, அடங்காது. குறுகிய சாலையில் அடிபடுவதெல்லாம் அந்தப் பாகங்கள்தாம். புதுப்பிக்கும்போது அந்தப் பிரிவு இருக்கிறதா என்று எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கக் கண்ணாடி போன்ற சிறு சேதங்களுக்கு இழப்பீடு கேட்டால், பிளாஸ்டிக் பாகங்களுக்கு வழக்கமான பாலிசியில் பாதியைக் கழித்துவிடுவார்கள் என்பதோடு, இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகச் சேர்ந்த போனஸ் தள்ளுபடியும் போய்விடும். இரண்டையும் கணக்கிட்டுப் பார்த்துத்தான் கேட்க வேண்டும்.

நான்காவது ஐப்பசி மழையில் நடந்தது. இதுதான் என்னை மாற்றியது. தோட்டத்திலிருந்து எண்பது வாழைத்தார்களை ஏற்றிக்கொண்டு, மூன்று மீட்டர் கான்கிரீட் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தேன். வலப்பக்கம் மேடு, இடப்பக்கம் சரிவு. கீழிருந்து ஆட்களை ஏற்றிய ஜீப் ஒன்று வந்தது. எனக்குப் பின்னால் நாற்பது மீட்டரில் ஒரு வீட்டு வாசல் அகலமாக இருந்தது. அங்கே பின்னால் ஏற்றி நிறுத்தியிருக்க வேண்டும். சுமையோடு மேட்டில் பின்னோக்கி ஏறும்போது தடுமாறினால் எல்லோரும் பார்ப்பார்களே என்ற கூச்சம் எனக்கு. ஜீப் ஓட்டுநர் தானே பின்னால் போவதாகக் கையால் சாடை காட்டினார். நானோ வாருங்கள் என்று கைகாட்டிவிட்டு இடப்பக்கப் புல்லில் ஒதுங்கினேன். சிறு ஜீப்பின் அகலத்தையும் என் வண்டியின் அகலத்தையும் கூட்டினால் மூன்று மீட்டரைத் தாண்டிவிடும். விலகவே முடியாத இடத்தில் விலகப் பார்த்தேன்.

புல் பச்சையாக, சமதளமாகத் தெரிந்தது. கான்கிரீட்டின் விளிம்பு முக்கால் அடி பள்ளமாக இருந்ததும், அதை நிரப்பியிருந்த மண் மழையில் கூழாகியிருந்ததும் புல்லுக்கு அடியில் மறைந்திருந்தன. இடது முன்சக்கரம் மெதுவாக, சத்தமே இல்லாமல் இறங்கியது. வண்டி சாய்ந்தது. இடப்பக்கக் கதவின் கண்ணாடி வழியாகத் தரை தெரியவில்லை. மரங்களின் உச்சிகள் தெரிந்தன. பின்னால் தார்கள் இடப்பக்கமாகச் சரிகிற சத்தம் கேட்டது. என் கால் பிரேக்கிலேயே உறைந்துவிட்டது. அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. வேறெதையும் யோசிக்க முடியவில்லை.

ஜீப்பிலிருந்து ஒரு பெரியவரின் குரல் வந்தது: "தம்பி, பிரேக்க விட்டுறாதீங்க. யாரும் அந்தப் பக்கம் போகாதீங்கப்பா!" அவர் சொன்ன வரிசையை அப்படியே எழுதுகிறேன். முதலில் நான்கைந்து பேர் கற்களைக் கொண்டுவந்து வலப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னால் அடைகொடுத்தார்கள். ஜீப்பிலிருந்த கயிற்றை என் வண்டியின் சட்டத்தில் கட்டி, மேட்டுப்பக்கம் இருந்த சில்வர் ஓக் மரத்தைச் சுற்றி இறுக்கினார்கள். அதன் பிறகுதான் ஹேண்ட்பிரேக்கை முழுவதும் இழுத்து, கியரில் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு, வலப்பக்கக் கதவு வழியாக என்னை இறங்கச் சொன்னார். சுமையைப் பின்கதவு வழியாக மட்டும், ஒவ்வொரு தாராக இறக்கினார்கள். சரிவுப் பக்கம் ஒருவரையும் நிற்கவிடவில்லை. இறங்கியதும் என் கால்கள் என்னைத் தாங்கவில்லை, மேட்டில் உட்கார்ந்துவிட்டேன். பெரியவர் ஒரு சொல்கூடக் கடிந்து பேசவில்லை. "ஒதுங்குறதுன்னா காங்கிரீட்டு மேலயே ஒதுங்கணும் தம்பி, புல்ல நம்பக் கூடாது" என்றார். இரண்டரை மணி நேரம் கழித்து டிராக்டர் வந்து இழுத்தது. அதற்கு 3,000, முன்சக்கரத்தைத் தாங்கும், வளைந்துபோன கீழ்க்கைக்கும் சக்கரச் சீரமைப்புக்கும் 8,700, அன்றைய சந்தையைத் தவறவிட்டு மறுநாள் விலை இறங்கி விற்ற தார்களில் 6,000. நான்கு சம்பவங்களுக்கும் சேர்த்துக் கையை விட்டுப் போனது 59,100 ரூபாய். வண்டி பட்டறையில் நின்றது பத்தொன்பது நாள்கள்.

பின்னோக்கி ஓட்டுவதில் இருந்த கூச்சம்தான் அன்று என்னைச் சரிவுக்குக் கொண்டுபோனது என்பதால், அதற்குப் பின் இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் அதை மட்டும் பழகினேன். கண்ணாடிகளை மட்டும் பார்த்து, முதலில் சமதளத்தில், பிறகு மேட்டில், பிறகு சுமையோடு. இப்போது எந்தக் குறுகிய பாதையில் நுழைந்தாலும், கடந்துவந்த அகலமான இடம் எது என்பதை மனத்தில் குறித்துக்கொண்டே போகிறேன். அடுத்த அகலமான இடம் வந்ததும் பழையதை மறக்கிறேன். எதிரே வண்டி வந்தால் யாருக்கு அந்த இடம் அருகில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. எனக்கென்றால் தயங்காமல் பின்னால் போய்விடுகிறேன். சந்தேகம் வந்தால் ஹேண்ட்பிரேக் போட்டு இறங்கிப் பார்க்கிறேன். பின்னால் எத்தனை பேர் ஒலிப்பானை அடித்தாலும் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன். இறங்கி நடந்து பார்க்க ஒரு நிமிடம்கூட ஆவதில்லை.

தோட்டத்துக்குப் போகும் கடைசி ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மட்டும் பிக்கப்பை நான் கொண்டுபோவதில்லை. சோளக்காட்டில் அகலமான இடம் பார்த்து நிறுத்திவிட்டு, பக்கத்துத் தோட்டக்காரரின் குட்டியானையில் (டாடா ஏஸ் சிறு சரக்கு வண்டி) காயை இறக்கி, அங்கே மாற்றி ஏற்றிக்கொள்கிறேன். அதன் அகலம் 1500 மில்லிமீட்டர். ஏறத்தாழ என் பழைய ஆல்டோவின் அகலம்தான். ஒரு நடைக்கு 600 ரூபாய் தருகிறேன், ஏற்றி இறக்க ஒரு மணி நேரம் கூடுதலாகிறது. வாடகை வண்டிச் செலவை மிச்சப்படுத்தத்தான் பிக்கப்பையே வாங்கினேன் என்பது நினைவிருக்கிறது. இருந்தாலும் அந்த 600 ரூபாயைக் கொடுக்கும்போது ஒருமுறைகூட என் மனம் சுணங்கியதில்லை.